வெளிச்சத்துக்குக் கிருமி பழகுமா?

தை பிறந்தால் மேலூர் வட்டாரத்தில் அறுவடை. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரிலும் அதைச் சுற்றிய கண்மாய்ப் பாசன ஊர்களிலும் களத்தில் நெல் தூற்றும்போது பதரோ நெல்லின் கூர்முனையோ கண்ணில் அடிப்பது சாதாரணம். பெரும்பாலோர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சில வீடுகளில் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ ஊற்றுவார்கள். கருவிழியில் விழுந்த கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும் மண்ணிலும் இலையிலும் இருக்கும் கிருமிக்கு அந்த வாசல் போதும். இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும். “கண்ணுல பூ விழுந்துருச்சு” என்பது அதைத்தான்.

மதுரையில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்குப் புண் வருவதற்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 மாதிரிகளில் 140இல் பாக்டீரியா, 139இல் பூஞ்சை. ஏறக்குறைய சரிபாதி. குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களில் அரிய நோயாகச் சொல்லப்படும் பூஞ்சைப் புண் இங்கே பாக்டீரியாப் புண்ணுக்குச் சமமாக நிற்கிறது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குமேல் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான மற்றொரு ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கிடைத்த எண்ணிக்கையைப்போல இது பத்து மடங்கு.

இந்த நோய்க்குச் சொட்டுமருந்துதான் சிகிச்சை. சொட்டுமருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிக்கொண்டே போகின்றன என்பதுதான் சிக்கல். கருவிழிப் புண்களிலிருந்து 2002 முதல் 2013 வரை பிரித்தெடுத்த பாக்டீரியாக்களை அரவிந்த் ஆய்வகம் அலசியபோது, ஃபுளோரோகுயினலோன் வகை மருந்துகளுக்கு ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் காட்டும் எதிர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. உலகமே கவனித்த சம்பவம் 2023இல் வந்தது. சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியா, அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். கடைசிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையும் அது பொருட்படுத்தவில்லை.

இந்த நிலையில் மருத்துவர்களின் பார்வை வெளிச்சத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. ஒளியால் கொல்லப்படும் கிருமி ஒளிக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளவே முடியாது என்று பல விளம்பரங்களும் சில ஆய்வுக் கட்டுரைகளும்கூடச் சொல்கின்றன. அது உண்மையா என்பதே இங்கே கேள்வி. இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம், மூன்று தனித்தனி நிகழ்வுகளை ஒரே பெயரால் அழைப்பது என்று நினைக்கிறேன். ஒளி எட்டாததால் தப்பிய கிருமி வேறு. ஒளி பட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கிய கிருமி வேறு. மரபணு மாறி, தாங்கும் திறனைச் சந்ததிக்குக் கொடுக்கும் கிருமி வேறு. மதுரையில் ஒளிச் சிகிச்சையைச் சோதித்தபோது நடந்தது, பின்னால் பார்க்கப்போவதுபோல, முதலாவது. ஆய்வகங்கள் கவலைப்படுவது மற்ற இரண்டைப் பற்றி.

ஒளி எப்படிக் கொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1900ஆம் ஆண்டை ஒட்டி ம்யூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகளைக் கொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம். ஆனால் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டிருந்தன. அந்த இன்னொரு நாள் இடியும் மழையுமாக இருட்டிக் கிடந்த நாள். கொன்றது சாயம் மட்டும் அல்ல, சாயத்தின்மேல் பட்ட வெளிச்சமும் சேர்ந்துதான் என்று புரிந்தது. சாயம் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. அப்போது பிறக்கும் ‘சிங்லெட் ஆக்சிஜன்’ தண்ணீரில் சில மைக்ரோவினாடிகள்தான் நிலைத்திருக்கும். ஒரு மைக்ரான் தூரத்தைக்கூடத் தாண்டாது. அதற்குள் எட்டிய கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதுவானாலும் சிதைத்துவிடும். நீல ஒளிக்குச் சாயம்கூட வேண்டாம்; பாக்டீரியா தனக்குள் தயாரிக்கும் போர்ஃபிரின்களே சாயத்தின் வேலையைச் செய்துவிடும். புறஊதா ‘சி’ ஒளியின் வழி இவற்றிலிருந்து வேறானது. அது நேராக டிஎன்ஏவுக்குள் புகுந்து, அதில் அடுத்தடுத்துள்ள தைமின் என்ற கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது.

ஆன்டிபயாடிக் ஒன்று பெரும்பாலும் ஒரு புரதத்தையோ ஒரு நொதியையோ குறிவைக்கும். அந்த ஒன்றை மாற்றிக்கொண்ட பாக்டீரியா பிழைத்துவிடும். சிங்லெட் ஆக்சிஜனுக்குக் குறி கிடையாது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும். ஆயிரம் இடத்தில் அடி விழும்போது ஒரு மாற்றத்தால் என்ன பயன் என்பதே ‘எதிர்ப்பே வராது’ என்பவர்களின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மதுரைக்கு வருவோம். கருவிழி கூம்பிப்போகும் கெரடோகோனஸ் நோய்க்கு, ரைபோஃபிளேவின் (அதாவது வைட்டமின் பி2) சொட்டுகளை விட்டு, 365 நானோமீட்டர் அளவிலான புறஊதா ‘ஏ’ ஒளியை அரைமணி நேரம் பாய்ச்சும் சிகிச்சையை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 2003இல் அது வெளிவந்தது. கருவிழியின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும் என்பதால் இதற்கு ‘கிராஸ்லிங்கிங்’ என்று பெயர். இழையை இறுக்கும் அதே வேதிவினை கிருமியையும் கொல்லுமே என்ற எண்ணத்தில் 2008 வாக்கில் கருவிழிப் புண்ணுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இருக்கும் கருவி, மலிவான வைட்டமின், எதிர்ப்பு வளராது என்ற நம்பிக்கை. பூஞ்சைப் புண் மலிந்த தென்தமிழ்நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அரவிந்த் மருத்துவர்கள் நம்பிக்கையை மட்டும் வைத்து நிற்கவில்லை. சோதித்தார்கள். கருவிழியின் ஆழத்துக்கு இறங்கிய, மருந்துக்கு மசியாத பூஞ்சைப் புண்ணுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒளிச் சிகிச்சையைச் சேர்த்துத் தந்த ஆய்வு 2015இல் வெளியானது. 13 பேரைச் சேர்த்த நிலையிலேயே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒளிச் சிகிச்சை பெற்ற பிரிவில் கருவிழியில் ஓட்டை விழுவது வெகுவாகக் கூடியிருந்தது. அதற்குப் பின் அமெரிக்காவின் புரோக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து 111 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2020இல் வந்தது. நாட்டமைசின் அல்லது ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து, அவற்றோடு ஒளி அல்லது ஒளி இல்லாமல் என்று நான்கு பிரிவுகள். சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்தில் புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒளி பட்ட கண்ணிலும் படாத கண்ணிலும் பூஞ்சை ஒன்றுபோலவே வளர்ந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்வையை அளந்தபோது ஒளிச் சிகிச்சை பெற்றவர்கள், கண் பரிசோதனைப் பலகையில் சராசரியாக இரண்டு வரிகளுக்குமேல் பின்தங்கியிருந்தார்கள்.

ஓர் ஊரின் மருத்துவமனை, தனக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு சிகிச்சை பயன் தரவில்லை என்பதைத் தானே சோதித்து உலகுக்கு வெளியிட்டது. வெற்றிக் கதைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இந்த ஆய்வுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தத் தோல்வியை ‘எதிர்ப்பு’ என்று சொல்லலாமா? கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் ரைபோஃபிளேவினே புறஊதாவை உறிஞ்சிக்கொள்வதால், ஒளியின் விளைவு முன்புறத்து 300 மைக்ரான் அளவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஃபியூசேரியம் போன்ற பூஞ்சையின் இழைகள் அதற்கும் கீழே இறங்கிப் படர்பவை. புண்ணில் சேரும் சீழும் வெள்ளைப் படலமும் ஒளியை மேலும் மறிக்கின்றன. அந்தப் பூஞ்சை ஒளியை எதிர்கொள்ளவே இல்லை. இதே கதை பாக்டீரியாவுக்கும் உண்டு. பிசுபிசுத்த படலம் கட்டி வாழும் பாக்டீரியாக் கூட்டத்தின் அடியில் சாயமும் இறங்காது, ஆக்சிஜனும் குறைவு. மேலே இருப்பவை சாக, கீழே இருப்பவை மறுநாள் பெருகும். மருத்துவர் அறிக்கையில் அது ‘சிகிச்சைக்குக் கட்டுப்படவில்லை’ என்று பதிவாகும். கிருமியில் எந்த மாற்றமும் நடந்திருக்காது.

மாற்றமே நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கான சாட்சி எண்பது ஆண்டுப் பழையது.

1944 கோடையில் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்துக்கு ஈவலின் விட்கின் என்ற இளம் ஆய்வு மாணவி வந்தார். ஈ. கோலை பாக்டீரியாவின் ‘பி’ வகையைத் தட்டில் பரப்பிப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தார். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்ற அனுபவம் இல்லாததால் அளவு மீறிப்போயிற்று. தட்டே வெறிச்சோடிப்போக, நான்கு கூட்டங்கள் மட்டும் முளைத்திருந்தன. பிழைத்தவை தற்செயலாகப் பிழைத்தவையா, ஏதாவது விசேஷம் உள்ளவையா என்று விட்கின் கேட்டுக்கொண்டார். அவற்றை வளர்த்து மறுபடி விளக்கின் கீழ் வைத்தார், தாக்குப்பிடித்தன. சந்ததிகளும் தாக்குப்பிடித்தன. ‘பி/ஆர்’ என்று பெயர் பெற்ற இந்த வகை, கதிர்வீச்சைத் தாங்கும் பாக்டீரியாவுக்கான முதல் தெளிவான சான்று. அது எக்ஸ் கதிரையும் கூடுதலாகத் தாங்கியது. பெனிசிலினையும் ஓரளவு தாங்கியது. பெனிசிலின் அப்போதுதான் போர்முனைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எப்படித் தாங்கியது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே விளங்கியது. டிஎன்ஏ சேதப்பட்டால் ஈ. கோலை தன் பிரிதலை நிறுத்திவைக்கும். பழுது பார்த்து முடித்ததும் மறுபடி பிரியும். ‘பி’ வகையில் இந்தத் தடையை எடுத்துவிடும் நொதியில் குறை இருந்தது. அதனால் பழுது சரியான பிறகும் அது பிரியாமல் நீண்ட நூலாக வளர்ந்துகொண்டே போய்ச் செத்தது. ‘பி/ஆர்’ வகையில் அந்தத் தடையே பழுதாகியிருந்தது. ஒளி செய்த சேதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சேதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் வேறுபாடு. ‘ஆயிரம் இடத்தில் அடி விழுந்தால் ஒரு மாற்றத்தால் என்ன பயன்’ என்ற வாதத்தில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான். அடியைத் தடுக்க ஆயிரம் மாற்றம் வேண்டும். அடிபட்ட பின் எழுந்து நிற்க ஒன்று போதலாம். விட்கின் இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்துதான் டிஎன்ஏ சேதத்துக்குப் பாக்டீரியா காட்டும் ‘எஸ்ஓஎஸ்’ எதிர்வினையை வெளிக்கொணர்ந்தவர்களில் ஒருவரானார். 2015இல் லாஸ்கர் விருது பெற்றார். 2023இல் 102 வயதில் காலமானார்.

அதே ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் கெல்னர் கண்ட இன்னொன்று 1949இல் வெளியானது. புறஊதா பட்டுச் செத்ததாகக் கருதப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துகள் சாதாரண வெளிச்சத்தில் உயிர்த்தெழுந்தன. ஜன்னலோரம் இருந்தவற்றுக்கும் இருட்டில் இருந்தவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் துரத்திப்போய்க் கண்டது இது. ஒட்டிக்கொண்ட தைமின்களை நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே பிரித்துவிடும் ‘ஃபோட்டோலயேஸ்’ என்ற நொதி பல பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. மனிதர்களாகிய நம்மிடம் இல்லை. ஒருவகை ஒளி செய்த பழுதை இன்னொருவகை ஒளி சரிசெய்கிறது.

மெக்சிகோவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து ஈ. கோலைக் கூட்டங்களைத் தனித்தனியே எண்பது முறை புறஊதாவில் காட்டி, பிழைத்ததை வளர்த்து, மறுபடி காட்டினார்கள். ஐந்தும் தாங்கக் கற்றுக்கொண்டன. ஒவ்வொன்றும் தன் வழியில். ஆக, புறஊதா ‘சி’ ஒளியைப் பொறுத்தவரை ‘எதிர்ப்பு வரவே வராது’ என்பது தவறு. இதில் விவாதமே இல்லை.

சாயமும் நீல ஒளியும் பற்றிய ஆய்வுகளில்தான் விவாதம் இருக்கிறது. 2010இல் இத்தாலியில் துத்தநாக ஃப்தலோசயனின் சாயத்தை வைத்து இருபது முறை திரும்பத் திரும்பத் தாக்கியும் சூடோமோனாஸும் ஸ்டஃபிலோகாக்கஸும் எதிர்ப்புக் காட்டவில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் 405 நானோமீட்டர் ஒளியை, கொல்லாத அளவில், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குப் பதினைந்து சுற்றுகள் கொடுத்தார்கள். எதுவும் மாறவில்லை என்று 2017இல் எழுதினார்கள். அதே பாக்டீரியா, அதே பதினைந்து சுற்றுகள். போலந்தின் கிதான்ஸ்க் நகரத்து ஆய்வாளர்கள் 2019இல் நேர்மாறாகக் கண்டார்கள். ரோஸ் பெங்கால் சாயத்தோடு சேர்ந்த ஒளியானாலும் வெறும் நீல ஒளியானாலும், சுற்றுகள் கூடக்கூடப் பாக்டீரியா கூடுதலாகத் தாங்கியது. ஒளியில்லாமல் வளர்த்த பிறகும் அந்தத் தாங்குதிறன் போய்விடவில்லை.

யார் சொல்வது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். ‘கொல்லாத அளவு’ என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. மிக மெல்லிய ஒளியில் எல்லாம் பிழைத்துவிடுவதால் தேர்வே நடக்காது. மிகக் கடுமையான ஒளியில் மிஞ்சுவது ஒன்றும் இருக்காது. பத்தில் ஒன்றோ நூறில் ஒன்றோ பிழைக்கும் இடைப்பட்ட அளவில்தான் தேர்வு நடக்கும். அந்த இடத்தைத் தொட்ட ஆய்வு மாற்றத்தைக் காண்கிறது.

தாங்குவதற்கான கருவிகளும் பாக்டீரியாவிடம் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் பொன்மஞ்சள் நிறமி சிங்லெட் ஆக்சிஜனைத் தணித்துவிடும். அதே பாக்டீரியாவின் ‘நார்ஏ’ என்ற வெளியேற்றும் பம்பு, மெத்திலீன் நீலம், டொலுயிடின் நீலம் ஆகிய சாயங்களைச் செல்லுக்குள் சேரவிடாமல் வெளியே தள்ளும். இது கவனிக்க வேண்டிய இடம். ஃபுளோரோகுயினலோன் மருந்துகளை வெளியே தள்ளுவதும் இதே பம்புதான். மதுரைக் கண்களில் ஏறிக்கொண்டிருக்கும் மருந்தெதிர்ப்பு, சில சாயங்களுக்கான எதிர்ப்பையும் கூடவே இழுத்துவர இடமுண்டு என்பதை அலட்சியப்படுத்த முடியாது. ரோஸ் பெங்கால் போன்ற வேறு சாயத்தைத் தேர்ந்தால் இந்தப் பம்பைச் சுற்றிப் போகலாம் என்பது ஆறுதல்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயாளிகளிடம் இந்தச் சிகிச்சை நன்றாக வேலை செய்த இடங்கள் உண்டு. வான்கூவர் பொது மருத்துவமனையில் அறுவைக்கு முன் மூக்கில் மெத்திலீன் நீலம் தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சி, உடலைக் கிருமிநாசினித் துணியால் துடைத்ததில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அறுவைப் புண் சீழ்ப்பிடிப்பது நாற்பது சதவீதத்துக்குமேல் குறைந்ததாக 2014இல் பதிவு செய்தார்கள். மூக்கின் முன்பகுதி ஒளி எட்டும் இடம். சிகிச்சை ஒரே தடவை. பிழைத்த ஒன்றிரண்டு கிருமி மறுபடி அதே ஒளியைச் சந்திக்கப்போவதில்லை. எதிர்ப்பு வளர இதைவிட மோசமான சூழல் அதற்குக் கிடைக்காது.

என் கவலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: மெல்லிய ஒளி, நாளெல்லாம், அதே கிருமிமேல். கிளாஸ்கோ அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவின் கூரையில் 405 நானோமீட்டர் விளக்குகளைப் பொருத்திச் சுற்றுப்புறக் கிருமிகளைக் குறைத்ததாக 2010இல் எழுதினார்கள். குறைந்தது உண்மை. ஆனால் கட்டிலின் அடியிலும் திரைச்சீலை மடிப்பிலும் இருக்கும் கிருமிக்கு அரைகுறை ஒளிதான் கிடைக்கும், அதுவும் மாதக்கணக்கில். கிதான்ஸ்க் ஆய்வகம் பதினைந்து சுற்றுகளில் செய்ததை வார்டு தானாகவே செய்துகொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. இதைக் கண்காணிக்க நம்மிடம் அளவுகோலும் இல்லை. ஆன்டிபயாடிக் என்றால் ஆய்வக அறிக்கையில் மருந்துக்கு நேராக ‘கட்டுப்படும்’, ‘கட்டுப்படாது’ என்று எழுத உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடுகள் உண்டு. ஒளிக்கு அப்படி ஒரு கட்டமே அறிக்கையில் கிடையாது. விளக்கு, அலைநீளம், தூரம், நேரம், சாயம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒளியால் கிருமி கொல்லும் கருவி மருத்துவமனையில் இருப்பதைவிட அதிகமாகத் தண்ணீர்க் கடையில்தான் இருக்கிறது. 20 லிட்டர் கேன் நிரப்பும் ஆர்ஓ நிலையங்களிலும், வீட்டுச் சுவரில் மாட்டிய சுத்திகரிப்பானிலும் கடைசியாகத் தண்ணீர் கடந்துபோவது புறஊதாக் குழலைத்தான். குடிநீருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. விட்கினின் ‘பி/ஆர்’ போன்ற வகையானாலும் அந்த அளவைத் தாங்காது. குழல் ஏறக்குறைய 9,000 மணி நேரம் எரிந்தபின், அதாவது ஓராண்டில், புறஊதா வெளிப்பாடு தேய்ந்துவிடும். நீல வெளிச்சம் மட்டும் புதிதுபோலவே தெரிந்துகொண்டிருக்கும். உப்புத் தண்ணீரில் குழலைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையின்மேல் வெள்ளையாகப் படியும் கறை, இருக்கும் ஒளியிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அரைகுறையாக ஒளி பட்ட தண்ணீர் கேனில் அடைபட்டு, கடை வாசலில் வெயிலில் அடுக்கப்பட்டால், ஃபோட்டோலயேஸுக்கு வேண்டிய நீல ஒளியும் தாராளமாகக் கிடைக்கும். குளோரின்போலக் கூடவே தங்கிக் காவல் காக்கும் எதுவும் அந்தத் தண்ணீரில் இல்லை. குழல் மாற்றிய தேதியைக் கடைக்காரரிடம் கேட்பவர்கள் அநேகமாக யாருமில்லை. கருவியின் முகப்பில் அந்தத் தேதியை எழுதி ஒட்டிவைக்கும் வழக்கமும் பரவவில்லை.